கால்

டட்சன் எழுபத்தெட்டாம் ஆண்டுக்காரி.
என்ஜின் அவளுடையதில்லை.
ஜீலாங்கில் பின்பக்கம் நசுங்கிப்போன
ஒரு சில்வியாவுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.
டெரெக் என்றொருவர் கழற்றி இதற்குள் இறக்கினார்,
எல்லா வயரையும் ஒரே சிவப்பு ரேப்பால் சுற்றினார்,
எனக்கு விற்றார், டாஸ்மேனியாவுக்குக் குடிபோனார்.
தொலைபேசி எண் தந்திருந்தார்.
அது அடிக்கும். ஒருவரும் எடுப்பதில்லை.

நேர் ரோட்டில் ஒரு குறையும் இல்லை.
பல்லரட்டின் சுற்றுவட்டங்களில்தான்
ஒருதரம் இருமி, தோளைக் குலுக்கி,
அப்படியே நின்றுவிடும்.
எல்லா வட்டத்திலும் இல்லை. எல்லா நாளும் இல்லை.
பிழை தேடுகிறவளுக்குச்
'சில நாளில்' என்பதைவிடப் பொல்லாத சொல் கிடையாது.

முதலில் பில்ரர். கழற்றி, வாளால் அறுத்து விரித்தேன்:
தேயிலைத்தூள் மாதிரிக் கறள்.
பிடித்துவிட்டேன் என்று
அன்றிரவு ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன்.
புதன்கிழமை, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள வட்டத்தில்,
மழைக்குள் நின்றது.

பிறகு வோல்ற்மீற்றர்.
பற்றறியில் பதின்மூன்று தசம் எட்டு.
பின்னால், பம்மின் வாயில், பத்து தசம் ஆறு.
இடைவழியில் மூன்று வோல்ற்றை யார் குடித்தது?
சிவப்பு ரேப்பை உரித்துக்கொண்டே போனேன்.
சீற்றுக்கடியில் கிடந்தது
ரேடியோவுக்குப் போடுகிற நூல் வயர்.
டெரெக், டெரெக்.
தடித்த வயர் இழுத்தேன், தனி ரிலே வைத்தேன்.
பம்மின் முனகல் ஒரு சுதி ஏறியது.
அடுத்த செவ்வாய் நின்றது.

அமுக்கமானியை வைப்பருக்குக் கீழே
முன்கண்ணாடியோடு கட்டினேன்.
பக்கத்தில் என் கணவர் ஆதவராசன்,
ஊசியைப் போனில் படம்பிடிக்கவென்று ஏற்றப்பட்டவர்,
விற்றுத்தொலை என்று மூன்று மாதமாய்ச் சொல்பவர்.
சும்மா நிற்கையில் முப்பத்தாறு.
மிதித்தால் நாற்பத்துமூன்று.
வட்டத்துக்குள் நுழைந்தேன்.
"வலப்பக்கம் வளையேக்கை விழுது," என்றார்,
"இருவது... பத்து... ஐயோ, பின்னாலை லொறி!"

அன்றிரவு கொப்பியைப் புரட்டினேன்.
நின்ற நாள்கள்: செவ்வாய், புதன், புதன், செவ்வாய், புதன்.
எனக்குச் சம்பளம்
இரண்டு கிழமைக்கொருக்கால், வியாழக்கிழமை.

காருக்கு வருத்தமில்லை. எனக்குத்தான் காசில்லை.

அந்தத் தாங்கிக்குள் தடுப்புச்சுவர் கிடையாது.
அது காபரேற்றர் காலத்துப் பெட்டி.
காபரேற்றரின் கிண்ணத்தில் எப்போதும்
ஒரு மிடறு மிச்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளும்.
இன்ஜெக்ற்றர் ஒரு கண்ணிமைப்பும் பொறுக்காது.
வலப்பக்கம் வளைகையில் பெற்றோல் முழுக்க
இடப்பக்கச் சுவரில் ஏறிச் சாய்ந்துகொள்ள,
உறிஞ்சுகிற குழாய் வலப்பக்க மூலையில்
வெறுந்தகரத்தை நக்கிக்கொண்டிருக்கும்.

உள்ளே இருந்தது கால் தாங்கி.
பழந்தமிழில் கால் என்றால் காற்றும்தான்.
பம் இரண்டையும் ஒரே வாயால் இழுத்திருக்கிறது.

நான் வேலை செய்வது டயாலிசிஸ் வார்டில்.
குழாயில் ஒரு குமிழ் தெரிந்தால்
மெஷின் கூக்குரலிடும், நாங்கள் ஓடுவோம்.
பாவம், இதற்குக் கத்தத் தெரியாது.

பின்பெட்டிக்குள் இரண்டு லீற்றர்க் குடுவை ஒன்று,
அதை நிரப்பிக்கொண்டேயிருக்க இன்னொரு சின்னப் பம்.
இருநூற்றெண்பது டொலர்.
வியாழனுக்கு இன்னும் ஆறு நாள்.

அதுவரை
வலப்பக்கம் போகவேண்டிய இடத்துக்கெல்லாம்
மூன்று இடப்பக்கம் திரும்பிப் போகிறேன்.
நேற்று வீட்டைத் தாண்டிப் போய்
பேக்கரி, பள்ளிக்கூடம், தேவாலயம் என்று சுற்றி வருகையில்
ஆதவராசன் கேற்றடியில் நின்றார்,
கையில் ஐந்து லீற்றர்க் கான்,
ஒன்றும் கதைக்காமல் மூடியைத் திறந்துகொண்டு.